மூங்கிற் சிம்பிலிருந்து மென்களி அச்சு வரை: என்பு சீராக்கலின் சமூக வரலாறும் பளைப் பிரதேசமும்

1. நோக்கம்

மருத்துவ வரலாறு பெரும்பாலும் பெருமருத்துவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கண்டுபிடித்தவரின் பெயரும் ஆண்டும் அதிற் பேசப்படும். அக்கண்டுபிடிப்பு எவருடைய உடல் துன்பத்திலிருந்து எழுந்தது, அதற்கு வேண்டிய பொருளறிவு எவர் கையில் இருந்தது, அதன் பயன் எவரைச் சென்றடைந்தது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. என்பு சீராக்கலின் வரலாற்றை எழுதப் புகுவோர் இவ்வினாக்களைத் தவிர்த்தல் இயலாது. ஏனெனில், என்பு முறிவு எல்லா வர்க்கத்தாரையும் ஒரே அளவில் தாக்கும் நோயன்று. அது மரமேறுவோரையும், சுமை தூக்குவோரையும், போர்முனைக்கு அனுப்பப்படுவோரையும், போர் நடந்த நிலத்தில் வாழ விதிக்கப்பட்டோரையுமே பெரிதும் தாக்குவது.

முறிந்த என்பைச் சீராக்குவதற்கு உயிருள்ள கலங்களை மென்மையான களியோடு கலந்து, படலம் படலமாக அச்சிட்டு உருவாக்கும் முறையொன்று கடந்த இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வுகூடங்களில் வளர்ந்து வருகின்றது. உயிரச்சு என்று நாம் அதனை வழங்கலாம். மரம், சாந்து, உலோகம் என வன்மையான பொருள்களையே நாடி நின்ற என்பு மருத்துவம், மென்மையான பொருள்களை நோக்கித் திரும்பியமை அறிவியல் வரலாற்றில் ஒரு திருப்பமாகும். இத்திருப்பம் எவ்வாறு நிகழ்ந்தது, அதிற் தமிழ் நிலத்தின் பங்கு யாது, அதனைப் பெறவேண்டியோர் பெறுவதற்குத் தடையாயிருப்பது எது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்குரிய களமாகப் பளையை நாம் கொள்கின்றோம். அதற்கான காரணம் கட்டுரையின் போக்கிற் புலனாகும்.

2. மரமேறும் நிலமும் முறிவு வைத்தியமும்

ஆனையிறவுக்கு வடக்கே, யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பெருநிலத்தோடு பிணைக்கும் ஒடுங்கிய நிலப்பகுதியில், கண்டி வீதியும் புகையிரதப் பாதையும் அருகருகே செல்லும் இடத்தில் பளை அமைந்துள்ளது. பச்சிலைப்பள்ளிப் பிரிவின் நடுநாயகமான இவ்வூர், 1984 இல் கிளிநொச்சி தனி மாவட்டமானபோது அதனுள் அடங்கிற்று. மணற்பாங்கான இந்நிலத்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பியர் தென்னந் தோட்டங்களைத் திறந்தனர். அதற்கு முன்பிருந்தே பனை இங்கு வாழ்வின் ஆதாரமாயிருந்தது. ஆகவே, பளையின் உழைப்பு என்பது பெரிதும் மரமேறும் உழைப்பாகும். கள் சீவுவோரும் தேங்காய் பிடுங்குவோரும் காலிலே தளைநாரை மாட்டிக்கொண்டு நாள்தோறும் பல மரங்கள் ஏறி இறங்கினர். மாரிக்காலத்து ஈரமரத்தில் ஒருமுறை கால் சறுக்கினால் தொடையென்போ முள்ளந்தண்டோ முறிவது திண்ணம். உடைந்த என்பு அவர்களுக்குத் தொழில்வழி வந்த நோயாயிற்று. தோட்டத்துக்கு உடைமையாளராயிருந்தோர் மரமேறவில்லை என்பதும், மரமேறியோர் சாதி அடுக்கிலே கீழே தள்ளப்பட்டவர்கள் என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கன.

இம்மக்களுக்கு உதவியவர் முறிவு நெரிவு வைத்தியர். முறிந்த இடத்தைக் கைவிரல்களாற் தடவி உணர்தல், இழுத்து நேர்ப்படுத்தல், எண்ணெயூட்டல், மூலிகைகளை அரைத்துப் பற்றிடல், மூங்கிற் சிம்புகளை அடுக்கித் துணியாற் சுற்றிக் கட்டுதல் என்பன இவர்தம் முறையின் படிகள். முட்டை வெண்கருவை மாவோடு குழைத்துத் துணியிற் பூசிக் கட்டும் வழக்கமும் தென்னாசியாவிற் பரவலாக உண்டு. ஈரமாயிருக்கையில் உறுப்பின் வடிவுக்கு ஏற்ப வளைந்து, உலர்ந்ததும் இறுகிப் பிடிக்கும் அக்கட்டு, பிற்காலத்துச் சாந்துக் கட்டின் தத்துவத்தையே தன்னகத்துக் கொண்டது. பிரண்டை இவ்வைத்தியத்திற் சிறப்பிடம் பெற்ற மூலிகை. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் உடுப்பா, பிரசாத் ஆகியோர் 1960களில் விலங்குகளின் முறிவுகளில் அதனைச் சோதித்து, முறிவு பொருந்துவதை அது விரைவுபடுத்துவதாக எழுதினர்.

இவ்வறிவு எழுத்து மரபற்ற வெறுங் கைப்பழக்கம் என்று கருதுதல் தவறு. சுசுருத சங்கிதை மூட்டு நழுவலை 6 வகையாகவும் என்பு முறிவை 12 வகையாகவும் பகுத்துள்ளது. மரப்பட்டைகளையும் மூங்கிலையும் கொண்டு கட்டும் முறையையும், கால் முறிந்தோரை அசையாது கிடத்துவதற்கான பலகைப் படுக்கையையும் அது விவரிக்கின்றது. சங்க நூல்களுள் ஒன்றான பதிற்றுப்பத்து, போரிற் பட்ட புண்ணை வெள்ளூசியாற் தைத்த செய்தியைத் தருகின்றது. சிகிச்சையறிவு போரோடு பிணைந்தே வளர்ந்தது என்பதற்கு இஃதொரு பழஞ்சான்று.

3. இரு மரபுகள் சந்தித்ததும் சந்திக்காததும்

நாட்டு முறிவு வைத்தியத்துக்கும் நவீன சத்திரசிகிச்சைக்கும் இடையே பாலம் அமைந்திருக்கலாகாதா என்பது நியாயமான வினா. பிரித்தானியாவில் அது அமைந்தது. வேல்ஸ் நாட்டின் ஆங்கில்சீத் தீவிற் பரம்பரை பரம்பரையாக முறிவு வைத்தியஞ் செய்த குடும்பத்தில் 1834 இற் பிறந்த ஹியூ ஓவன் தோமஸ், முறைப்படி மருத்துவங் கற்று, குடும்ப மரபின் கையறிவையும் கல்லூரி அறிவையும் ஒன்றிணைத்தார். லிவர்பூல் துறைமுகத் தொழிலாளரிடையே அவர் பணியாற்றினார். தொடையென்பு முறிவுக்காக அவர் வடிவமைத்த கட்டுச் சட்டகம், அவருடைய மருமகன் ரொபேட் ஜோன்சின் முயற்சியால் முதலாம் உலகப் போரில் எண்ணற்ற உயிர்களைக் காத்தது. நவீன என்பியல் மருத்துவத்தின் தந்தையருள் ஒருவராக இன்று அவர் போற்றப்படுகின்றார்.

யாழ்ப்பாணத்திலும் ஒரு வாய்ப்புத் தோன்றிற்று. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயை மையமாகக் கொண்டு மருத்துவக் கல்வியைத் தொடங்கி, பின்னர் அதனைத் தமிழிலேயே நடத்தினார். 1867 இல் 'இரண வைத்தியம்', 1872 இல் 'மனுஷ அங்காதிபாதம்' ஆகிய நூல்கள் அவர் முயற்சியால் வெளிவந்தன. உலகின் முன்னணி உடற்கூற்று நூல் ஒன்று இலண்டனில் வெளியாகிப் பதினான்கு ஆண்டுகளில் தமிழிற் கிடைத்தது என்பது இன்றும் வியப்புக்குரியது. ஆயினும் 1873 இல் அவர் நாடு திரும்பிய பின் அம்முயற்சி நிலைக்கவில்லை. ஆங்கிலம் அரச உத்தியோகத்தின் மொழியாயிருந்த குடியேற்ற அமைப்பிலே தமிழ் வழி மருத்துவத்துக்கு ஆதாரமான பொருளாதார அடித்தளம் இருக்கவில்லை. விளைவு யாது? மருத்துவர் ஆங்கிலத்திற் கற்றார். முறிவு வைத்தியர் தந்தையிடங் கற்றார். இருவரும் ஒரே நோயாளியைத் தனித்தனியே கண்டனரேயன்றி, ஒருவரையொருவர் காணவில்லை.

4. போரும் வன்பொருள்களும்

ஐரோப்பாவில் என்பு சீராக்கலின் முன்னேற்றங்கள் பெரும்பாலும் போர்க்களங்களின் அருகே நிகழ்ந்தன. ஒல்லாந்து இராணுவ மருத்துவர் மதைசன் 1851 இற் சாந்து தடவிய கட்டுத்துணியை உருவாக்கினார். ருசிய மருத்துவர் பிரகோவ் கிரிமியப் போரிற் சாந்துக் கட்டைப் பெருமளவிற் கையாண்டு, பல கால்களை வெட்டாது காத்தார். உடலுக்கு வெளியே நின்ற சாந்து 1892 இல் உள்ளேயும் புகுந்தது. ஜேர்மனியில் திரேஸ்மன் என்பவர் நோயால் என்பில் ஏற்பட்ட குழிகளைச் சாந்து கொண்டு நிரப்பினார். என்புக்கு மாற்றாக ஒரு பொருளை உடலினுள் வைக்கலாம் என்ற எண்ணத்தின் தொடக்கங்களுள் இது முதன்மையானது. 1939 இல் கீல் நகரத்துக் குன்சர் தொடையென்பின் உட்குழியினூடாக உலோகக் கோலைச் செலுத்தினார். ஜேர்மனியிற் சிறைப்பட்டிருந்த நேசநாட்டுப் படையினர் உடலினுள் அக்கோலுடன் வீடு திரும்பிய போதே பிற நாட்டு மருத்துவர் அதனை அறிந்தனர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், சைபீரியாவின் கூர்கான் நகரில் இலிசரோவ் என்னும் மருத்துவர் ஆறாத முறிவுகளோடு வந்த போர்வீரரையும் தொழிலாளரையும் எதிர்கொண்டார். வசதிகள் குறைந்த அச்சூழலில், வளையங்களையும் மெல்லிய கம்பிகளையும் கொண்டு 1951 அளவில் அவர் ஒரு கருவியை அமைத்தார். வெட்டப்பட்ட என்பின் இரு முனைகளையும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் வீதம் மெல்ல விலக்கினால், இடைவெளியிற் புதிய என்பு வளர்கின்றது என்று அவர் கண்டார். மேற்குலகு இதனை 1980களின் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டது. நமது பொருளுக்கு இதிலுள்ள சிறப்பு வேறொன்று. அவ்விடைவெளியில் முதலில் தோன்றுவது என்பன்று. மென்மையான நாரிழையமே முதலில் நீண்டு, பின்னர் படிப்படியாக வன்மையுறுகின்றது. வன்பொருள்களின் வரலாற்றுக்குள்ளேயே மென்பொருளின் உண்மை இவ்வாறு தலைகாட்டிற்று.

அமெரிக்காவில் 1967 இல் நிகழ்ந்த மற்றொரு சந்திப்பும் குறிப்பிடத்தக்கது. புளோரிடாப் பல்கலைக்கழகப் பொருளறிஞர் லறி ஹெஞ், மாநாடொன்றுக்குப் பேருந்திற் செல்கையில், வியற்நாமிலிருந்து திரும்பிய இராணுவ அதிகாரி ஒருவர் அருகே அமர்ந்திருந்தார். உடல் ஏற்காத பொருள்களால் நூற்றுக்கணக்கான படையினரின் உறுப்புகள் வெட்டப்படுகின்றன. உடல் ஏற்கும் பொருளை ஆக்கித் தரலாகாதா என்று அவர் வினவினார். அவ்வினாவின் பயனாக 1969 இல் உருவானதே என்போடு நேராகப் பிணையும் உயிர்க்கண்ணாடி. என்பை உடைக்கும் ஆயுதத்துக்கும் என்பைப் பொருத்தும் ஆய்வுக்கும் பணம் ஒரே மூலத்திலிருந்து வந்த முரண்பாட்டை இங்கு காண்கின்றோம். அவ்வாய்வின் முதற் பயனாளராக எண்ணப்பட்டோர் அமெரிக்கப் படையினரேயன்றி, அவர்தம் குண்டுகளால் உறுப்பிழந்த வியற்நாமிய உழவரல்லர்.

5. மென்மையின் கண்டுபிடிப்பு: சென்னையின் பங்கு

என்பு கல்லைப் போன்றது என்பது பொது எண்ணம். அதன் நிறையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு கல்சியம் பொசுபேற்று உப்பு என்பதால் அவ்வெண்ணம் முழுப் பிழையுமன்று. ஆனால் என்பொன்றை மென்னமிலத்தில் ஊறவைத்து உப்பை அகற்றினால், வடிவு மாறாத, கயிறுபோல் வளையத்தக்க மென்பொருளொன்று எஞ்சும். அதுவே கொலாஜன் என்னும் புரதம். உப்பு அதன்மேற் படிந்த வன்மையே. கருவிலுள்ள குழந்தையின் நீண்ட என்புகள் முதலிற் கசியிழையமாகவே தோன்றுகின்றன. முறிந்த என்பு பொருந்தும்போதும் முதலிற் குருதிக் கட்டி, பின் மென்மையான இழையம், அதன் பின்னரே வல்லென்பு என்ற வரிசையே காணப்படுகின்றது. இயற்கை மென்மையிலிருந்து வன்மைக்குச் செல்கையில், மருத்துவம் நெடுங்காலம் நேரே வன்மையைத் தேடி நின்றது. 1965 இல் அமெரிக்க மருத்துவர் மார்சல் யூரிஸ்ட், உப்பு நீக்கப்பட்ட என்பைத் தசையினுள் வைத்தபோது அங்கே புதிய என்பு தோன்றுவதைக் காட்டினார். என்பை ஆக்கும் ஆணை உப்பிலன்றி, மென்பகுதியிலே உறைகின்றது என்பது அதன் பொருள்.

அம்மென்பகுதியின் கட்டமைப்பு முதலில் விளங்கியது சென்னையிலாகும். 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் முற்போக்கு அறிவியலாளர் பேணல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். கொலாஜனுக்கு அதுகாறும் கூறப்பட்ட அமைப்புகள் நிறைவளிக்கவில்லை என்று அவர் கூறியதைக் கேட்ட இளம் பௌதிகப் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன் அதனைத் தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டார். அவரும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர்ப் படங்களைக் கொண்டு ஆராய்ந்து, கொலாஜன் மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிய முப்புரி அமைப்பு என்று 1954 இலும், அம்முப்புரியே மேலும் முறுக்குண்டது என்று 1955 இலும் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோவமிலம் அமைவதாலேயே மூன்று சங்கிலிகளும் நெருங்கி முறுக இயல்கின்றது. தென்னந்தும்பை முறுக்கிப் புரிகளாக்கி, புரிகளை மீண்டும் முறுக்கிக் கயிறு திரிக்கும் பளைத் தொழிலாளிக்கு இவ்வமைப்பின் வலிமையை விளக்க நெடுநேரம் வேண்டியதில்லை.

கொலாஜனைப் பற்றிய நடைமுறையறிவு தமிழகத்தில் அதற்கு முன்பே வேறோரிடத்தில் இருந்தது. தோல் என்பதும் பெரும்பாலும் கொலாஜனே. தோல் பதனிடல் என்பது கொலாஜன் இழைகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகளை ஏற்படுத்தி, அது அழுகாதும் வெப்பத்திற் கரையாதும் காத்தலாகும். ஆவாரம்பட்டைச் சாற்றைக் கொண்டு இதனைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தோர், அத்தொழிலின் பெயராலேயே தீண்டத்தகாதோர் எனத் தள்ளப்பட்டோராவர். 1948 இல் சென்னை அடையாற்றில் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அவ்வறிவை ஆய்வுகூடத்துக்குக் கொணர்ந்தது. பிற்காலத்திற் புண்களை மூடும் கொலாஜன் படலங்களும் அங்கு உருவாக்கப்பட்டன. தோலைப் பதனிடும் வேதியியலும் உடலினுள் வைக்கும் களியை இறுக்கும் வேதியியலும் அடிப்படையில் உறவுடையன. என்பு மருத்துவத்தின் மென்மைத் திருப்பத்துக்கு அடித்தளமான அறிவு, உழைக்கும் மக்களின் கைகளில் நெடுங்காலம் பெயரின்றி வாழ்ந்தது என நாம் கூறுவது மிகையாகாது.

6. அச்சிடும் முறையும் அதன் முரண்பாடும்

மென்பகுதியின் இயல்பு விளங்கிய பின், அதனை வேண்டிய வடிவில் ஆக்குவது எவ்வாறு என்பது அடுத்த வினாவாயிற்று. 1984 இல் அமெரிக்கரான சக் ஹல் திரவத்தை ஒளியால் இறுக்கி முப்பரிமாணப் பொருளை ஆக்கும் முறைக்கு உரிமம் கோரினார். 1988 இல் கிளீப் என்பவர், கலங்கள் ஒட்டிக்கொள்ளும் புரதத்தை அலுவலக மைத்தெளிப்பு அச்சுப்பொறியாற் தெளித்துக் காட்டினார். 2003 அளவில் தோமஸ் போலண்டும் அவர் குழுவினரும் உயிர்க் கலங்களையே அவ்வாறு அச்சிட்டனர்.

இன்று பெரிதும் வழங்கும் முறை பிதுக்கி அச்சிடல். இடியப்ப உரலிலிருந்து மா இழையாகப் பிதுங்குவது போலக் களி நுண்ணிய ஊசியினூடாகப் பிதுங்கி, கணினி வகுத்த பாதையிற் படலம் படலமாக அமைகின்றது. களிக்குரிய மூலப்பொருள்கள் எளியவை. தோலிலும் என்பிலுமிருந்து ஜெலற்றினும் கொலாஜனும், கபில நிறக் கடற்பாசியிலிருந்து அல்ஜினேற்றும், இறால் நண்டு ஓடுகளிலிருந்து கைற்றோசானும் பெறப்படுகின்றன. அல்ஜினேற்றுக் களி கல்சியக் கரைசல் பட்டவுடன் இறுகும். மாற்றியமைத்த ஜெலற்றின் ஒளி பட்டு இறுகும்.

ஆயின் இம்முறையினுள் ஒரு முரண்பாடு உள்ளது. களி மென்மையாயிருந்தாற் கலங்கள் உயிர்வாழ்ந்து பரவும்; ஆனால் அச்சிட்ட வடிவு குழைந்துவிடும். களியைத் தடிப்பாக்கினால் வடிவு நிற்கும். ஆனால் ஊசியினூடு செல்கையில் ஏற்படும் நெருக்கத்தாற் கலங்கள் மடியும். மேலும், மனிதனின் உடற்பாரத்தைத் தாங்க எந்த மென்களியாலும் இயலாது. 2006 இல் எங்லரும் டிஷரும் வெளியிட்ட ஆய்வு இம்முரண்பாட்டுக்கு மற்றொரு பரிமாணத்தைச் சேர்த்தது. ஒரே வகை மூலவுயிர்க் கலம் மிக மென்மையான தளத்தில் நரம்புக் கலத்தின் இயல்பையும், இடைத்தர வன்மையிற் தசையின் இயல்பையும், அதனினும் வன்மையான தளத்தில் என்புக் கலத்தின் இயல்பையும் ஏற்கின்றது என்று அவர்கள் காட்டினர். களியின் தன்மை வெறுங் கொள்கலமன்று; அது கலத்துக்கு இடப்படும் ஆணையுமாகும்.

இதற்குத் தீர்வாக ஆய்வாளர் இரண்டையும் இணைக்கின்றனர். களியினுள் கல்சியம் பொசுபேற்றுத் துணிக்கைகளைக் கலத்தல் ஒரு வழி. உடலில் மெல்லக் கரையும் பல்பகுதியத்தாற் சட்டகம் அச்சிட்டு, அதன் இடைகளிற் கலமுள்ள களியை இடுதல் மற்றொரு வழி. அத்தகைய பல்பகுதியச் சட்டகங்கள், கலமின்றித் தனியே, சிங்கப்பூரில் உருவாக்கப்பட்டு மண்டையோட்டுத் துளைகளை மூடுவதற்கு 2006 முதல் அனுமதி பெற்றுள்ளன. 2016 இல் அமெரிக்காவின் வேக் பொறஸ்ட் நிலையத்து அற்றாலா குழுவினர், கலங்களோடு அச்சிட்ட என்புத் துண்டு எலியின் மண்டையோட்டில் குருதிக்கலன்களோடு கூடிய என்பாக வளர்ந்ததைக் காட்டினர். 2019 இல் பைன்பேர்க் குழுவினர், ஜெலற்றின் துணிக்கைகளாலான தாங்கு களியினுள் மென்மையான கொலாஜனையே வடிவு குலையாது அச்சிட்டனர்.

இவ்வெற்றிகளை மிகைப்படுத்தலாகாது. கலம் ஒவ்வொன்றும் குருதி மயிர்த்துளைக்குழாயிலிருந்து ஒரு மில்லிமீற்றரின் ஐந்திலொரு பங்குக்குள் இருந்தாலன்றி ஒட்சிசன் பெறாது மடியும். எலியின் சிறு துண்டுக்கு இயன்றது மனிதத் தொடையென்பின் பெரும் இடைவெளிக்கு இன்னும் இயலவில்லை. கலங்களோடு அச்சிட்ட என்பு எந்நாட்டிலும் அன்றாடச் சிகிச்சையாகவில்லை. வெட்டுண்ட காலை முழுமையாக மீள வளர்ப்பது இம்முறையின் இலக்குமன்று. என்பின் ஒரு பகுதி சிதைந்து இடைவெளி ஏற்பட்டவிடத்து, அவ்விடைவெளியை உயிருள்ள என்பால் நிரப்பி, உறுப்பை வெட்டாது காப்பதே அதன் உண்மையான வாக்குறுதி.

7. மீண்டும் பளை

அவ்வாக்குறுதியை மிக நெருக்கமாக உணரவேண்டிய நிலங்களுள் பளையும் ஒன்று. மரத்திலிருந்து விழுந்து என்பு முறிந்த நிலத்தில், 1980களின் பின் என்பு முறிவுக்குப் புதிய காரணங்கள் தோன்றின. ஆனையிறவுப் போர்கள் 1991 இலும் 2000 இலும் இதன் தெற்கு வாயிலில் நிகழ்ந்தன. 2000 முதல் 2009 தொடக்கம் வரை பளைக்கு வடமேற்கேயுள்ள முகமாலையினூடாகவும் கிளாலி, நாகர்கோவில் ஊடாகவும் முன்னரங்கு நிலைகள் நீண்டு கிடந்தன. இரு தரப்பும் புதைத்த கண்ணிவெடிகளால் அந்நிலம் உலகின் மிகச் செறிந்த கண்ணிவெடி வயல்களுள் ஒன்றாயிற்று. போர் முடிந்த பின் அவற்றை அங்குலம் அங்குலமாக அகற்றும் பணி தொடங்கியது. அதில் ஈடுபட்டோருள் அப்பிரதேசப் பெண்கள் பலர். 1990 இல் நின்ற புகையிரதம் 2014 மார்ச்சில் பளைவரை வந்தது. இலங்கை 2017 டிசம்பரிலேயே கண்ணிவெடித் தடை உடன்படிக்கையிற் சேர்ந்தது.

கண்ணிவெடி பாதத்தைச் சிதைக்கின்றது. எறிகணைத் துண்டோ என்பின் நடுப்பகுதியைச் சிதறடித்து, மண்ணும் துணியும் புகுந்த புண்ணை விட்டுச் செல்கின்றது. இத்தகைய காயம் பட்டவரின் காலைக் காப்பதற்கு நேரமும், சுத்தமான சத்திரசிகிச்சைக் கூடமும், மாதக்கணக்கான பராமரிப்பும் வேண்டும். போர்க்காலத்தில் இவை கிடைப்பது அரிது. ஆகவே உயிரைக் காக்க உறுப்பை வெட்டுவதே வழியாயிற்று. வெட்டப்பட்டோருக்கு உதவியது ஜெய்ப்பூர்க் கால். அதனை 1960களின் இறுதியில் உருவாக்கியோர் இராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேதி என்ற மருத்துவருமாவர். இறப்பரும் மரமும் கொண்ட அப்பாதம், வெறுங்காலுடன் வயலில் இறங்கவும் சப்பாணி கட்டி அமரவும் இடமளித்தது. 1987 முதல் யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் அப்பணியை இங்கு ஆற்றி வருகின்றது. கைவினைஞரும் மருத்துவரும் சமமாக அமர்ந்தபோது ஏழைக்குரிய கருவி பிறந்தது என்பது தோமசின் வரலாற்றோடு ஒப்புநோக்கத்தக்கது.

இனி, உயிரச்சின் நிலை யாது? மூலப்பொருளை நோக்கின் நாம் வறியோரல்லர். கிளாலிக் கடலேரியின் இறால் ஓடு குப்பையாகின்றது. மன்னார் வளைகுடாவின் தமிழ்நாட்டுக் கரையிற் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் கடற்பாசி, தொழிற்சாலைகளுக்கு மலிவாகச் செல்கின்றது. ஆனால் ஓட்டுக்கும் மருத்துவத் தரமுள்ள கைற்றோசானுக்கும் இடையே நெடுந்தூரம் உள்ளது. புரதமும் உப்பும் நீக்கல், நுண்ணுயிர் நச்சு அகற்றல், தொகுதிக்குத் தொகுதி மாறாத தரத்தை நிறுவல் என்பன அத்தூரத்தின் படிகள். விலை ஏறுவதும் உரிமங்கள் குவிவதும் அங்கேயே. 2002 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற என்பு வளர்ச்சிப் புரதம், யூரிஸ்டின் பொது அறிவிலிருந்து பிறந்ததாயினும், வறிய நாடுகளின் பொது வைத்தியசாலைகளுக்கு எட்டாத பண்டமாயிற்று. தேங்காயைக் கப்பலேற்றிவிட்டு முடிவுப் பொருளை விலைகொடுத்து வாங்கிய தோட்டக்கால உறவு, புதிய வடிவில் மீளத் தோன்றுவதை இங்கு இனங்காண்கின்றோம். திருவனந்தபுரத்துச் சித்திரைத் திருநாள் நிலையம் இதற்கு மாறான எடுத்துக்காட்டு. 1990 இற் தானே ஆக்கிய இதய வால்வை மனிதனிற் பொருத்திய அப்பொது நிறுவனம், என்புக் குழிகளை நிரப்பும் வன்களிப் பொருள்களையும் உள்நாட்டில் உருவாக்கியது. மருத்துவரும் பொறியியலாளரும் ஒரே நிறுவனத்தின் கீழ் உழைத்தமையே அதன் வலிமை.

நமது நிலையில், அச்சுப்பொறியொன்றைத் தருவித்துக் காட்சிப்படுத்துவது முன்னேற்றமாகாது. உயிரச்சு பயனளிப்பதற்கு முன், புண்ணைச் சுத்திகரித்தல், தொற்றைத் தடுத்தல், வளையச் சட்டகத்தால் என்பை நிலைநிறுத்தல் ஆகிய பழைய கலைகள் மாவட்ட வைத்தியசாலை மட்டத்தில் உறுதிபெறல் வேண்டும். அவையின்றி அச்சிட்ட என்பை வைப்பதற்கு இடமே இராது. அதேவேளை, ஆய்வைப் பிறருக்கு விட்டுவிடுதலும் தகாது. யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடமும், கைதடியிற் சித்த மருத்துவக் கல்வியும், கிளிநொச்சி அறிவியல் நகரிற் பொறியியல் பீடமும் ஒரே பல்கலைக்கழகத்தின் உறுப்புகளாய் உள்ளன. அவற்றை இணைக்கும் வீதி பளையினூடாகவே செல்கின்றது. முறிவு வைத்தியரின் பற்றுகளையும் மூலிகைகளையும் முறையாகச் சோதித்தல், கடலேரிக் கழிவிலிருந்து தூய களியை ஆக்கப் பயிலல், உறுப்பிழந்தோரின் தேவைகளை அவர் வாய்மொழியாகவே கேட்டுப் பதிதல், இவையனைத்துக்கும் வேண்டிய கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கல் என்பன இன்றே தொடங்கத்தக்க பணிகள். கிறீன் தொடங்கி நின்றுபோன பணியின் தொடர்ச்சியே இறுதியாகக் கூறியது.

என்பு சீராக்கலின் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே. மரமேறியின் முறிவும், தோற் தொழிலாளியின் சாறும், முறிவு வைத்தியரின் விரலும், படையாளின் சிதைந்த காலும் இன்றி இவ்வறிவு தோன்றியிராது. துன்பத்தாலும் உழைப்பாலும் அதற்கு விலை கொடுத்தோர் அதன் பயனுக்கு உரியோராதல் இரக்கத்தின் பாற்பட்டதன்று, நீதியின் பாற்பட்டது. முகமாலை மண்ணிலிருந்து இறுதிக் கண்ணிவெடி அகற்றப்படும் நாளிலும், அதனால் உறுப்பிழந்தோர் நம்மிடையே நெடுங்காலம் வாழ்வர். நமது அறிவியல் எவருக்கானது என்பதை அவர்களை முன்னிறுத்தியே நாம் தீர்மானித்தல் வேண்டும்.